பிள்ளை கூகுளில் தேடும் முன்

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பல வீடுகளில் நடப்பது இதுதான். அப்பா அதைப் படம் எடுத்து, பெங்களூரில் இருக்கும் தம்பிக்கும் தெரிந்த ஒரு டாக்டருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்புகிறார். "பிள்ளைங்களுக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்று பெரியவர்கள் பேசி முடிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் அதே குழுவில் இருக்கிறாள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. அவள் ராத்திரி போர்வைக்குள் படத்தைப் பெரிதாக்கி, 'இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3' என்பதை எழுத்துக்கூட்டித் தேடுகிறாள். கிரேடு என்பதை ஸ்டேஜ் என்று எடுத்துக்கொள்கிறாள். மூணாவது ஸ்டேஜ் என்றால் எத்தனை வருஷம் என்பது அவளுடைய அடுத்த தேடல்.

இரண்டும் வேறு வேறு. நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றணுக்கள் இயல்பான அணுக்களைவிட எவ்வளவு மாறித் தெரிகின்றன என்பதைச் சொல்வது கிரேடு. கட்டி எவ்வளவு பெரிது, எதுவரை பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது ஸ்டேஜ். கிரேடு 3 கட்டி முதல் ஸ்டேஜிலேயே பிடிபட்டிருக்கவும் கூடும். விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகாது. அப்படி ஒருவர் இல்லாததால் அவள் விடியும்வரை தேடுகிறாள், காலையில் ஒன்றும் தெரியாதவள் போலப் பள்ளிக்குக் கிளம்புகிறாள்.

இந்தியப் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். மேலை நாடுகளில் வருவதைவிட இங்கே அது சுமார் பத்து வயது முன்னதாகவே வருகிறது. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வயது அது. ஆகவே நோயாளியைப் போலவே பிள்ளைக்கும் ஒரு ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாட்டில் கைப்பேசிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் வீட்டில் ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும், இணையம் அதன் பிறகுதான். ஒன்றும் சொல்லப்படாத பிள்ளையின் கையில் நல்ல தளம் கிடைத்தாலும் அது பயமுறுத்தத்தான் செய்யும்.

முதலில் நீங்கள் சொல்லுங்கள்

நோயாளியே சொல்ல முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பிள்ளை ஒட்டுதலாக இருக்கும் ஒருவர் சொல்லட்டும். அப்பாவோ சித்தியோ தாய்மாமாவோ, யாராக இருந்தாலும் சரி. 'கேன்சர்' என்ற பெயரைச் சொல்லியே பேசுங்கள். வெறுமனே 'கட்டி' என்று சொல்லி வைத்தால், நாளைக்குத் தன் தொடையில் ஒரு வேனல் கட்டி வந்தாலும் சின்னப் பிள்ளை நடுங்கிப்போகும்.

ஆறு ஏழு வயதுப் பிள்ளையிடம் இப்படிப் பேசலாம்: "அம்மாவுக்குக் கேன்சர்னு ஒரு நோய் வந்திருக்கு. டாக்டர் மருந்து குடுக்கிறாங்க. நீ செஞ்ச எதனாலயும் இது வரல. அம்மாவத் தொட்டா உனக்கு ஒட்டிக்காது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு அத்தை உன்ன ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வருவாங்க." நீ காரணமில்லை என்பதை விட்டுவிடாதீர்கள். "நீ படுத்தற பாட்டுலயே எனக்கு ஏதாவது வந்துரும்" என்று சொல்லாத அம்மா நம் ஊரில் குறைவு. சொன்னவருக்கு அது மறந்திருக்கும், பிள்ளைக்கு மறந்திருக்காது.

பதின்வயதுக்காரர்களுக்கு நோயின் பெயரும் சிகிச்சையின் வரிசையும் தெரிய வேண்டும். எத்தனை கீமோ, எப்போது ஆபரேஷன், எந்த ஊரில் என்பதை நாள்காட்டியில் எழுதி மாட்டுங்கள். "தெரியல, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பதும் அவர்களுக்கு மரியாதையான பதில்தான், கேட்டு வந்து சொன்னால்.

கண்ணில் படப்போவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாக்ஸோரூபிசின் என்ற மருந்து சிவப்பு நிறம். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். அம்மாவுக்குப் பிறகு கழிவறைக்குள் நுழையும் பிள்ளை அதை ரத்தம் என்றே நினைக்கும். வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலைக் கிளப்பும். கீமோ முடிந்து இரண்டு மூன்று நாள் அம்மா சுள்ளென்று விழுந்தால், அது மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். முடி கொட்டுவது அன்றைக்கே நடக்காது, முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும்.

கதிர்வீச்சு சிகிச்சையை நம் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்கிறார்கள். பிள்ளை ஷாக் அடிப்பதைக் கற்பனை செய்துகொள்ளும். வெளியிலிருந்து இயந்திரம் பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை, வீட்டுக்கு வந்ததும் மடியில் ஏறி உட்காரலாம் என்று சொல்லுங்கள். ஆனால் பெட் ஸ்கேன் எடுத்த அன்று சில மணி நேரமும், தைராய்டுப் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தால் சில நாட்களும் சின்னப் பிள்ளைகளிடமிருந்து விலகியிருக்கச் சொல்வார்கள். இதைச் சொல்லாமல் கதவைச் சாத்தினால், அம்மா தன்னைத் தள்ளிவைத்துவிட்டதாகவே பிள்ளை எடுத்துக்கொள்ளும். தொற்று விஷயத்திலும் கவனம் வேண்டும். போலியோ சொட்டு மருந்து போடும் வயதில் குழந்தை இருந்தால், வீட்டில் கீமோ நடப்பதைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் புற்றுநோய் மருத்துவருக்கு அன்றே போன் செய்யுங்கள்.

சேர்ந்து உட்கார்ந்து தேடுவது

தேடாதே என்று சொல்லிப் பயனில்லை. கைப்பேசியைப் பிடுங்கினால் தோழியின் கைப்பேசி இருக்கிறது. வாரம் ஒரு நாள், பகலில், ஒரு பெரியவரோடு உட்கார்ந்து தேடலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். இடையில் தோன்றும் கேள்விகளை நோட்டில் எழுதி வைக்கட்டும். கீமோவில் ஏன் குமட்டுகிறது, முடி எப்போது திரும்ப முளைக்கும், அம்மா என்ன சாப்பிடலாம் என்பவற்றுக்கு மருத்துவமனைகளும் அரசு நிறுவனங்களும் நடத்தும் தளங்களில் பதில் உண்டு. "அம்மா பிழைச்சுக்குவாங்களா" என்பதற்கு எந்தத் தளத்திலும் பதில் கிடையாது. அதை நோட்டிலேயே வைத்திருந்து மருத்துவரிடம் கேளுங்கள். பதின்வயதுப் பிள்ளை விரும்பினால் கூடவே அழைத்துப் போங்கள்.

'ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம்' என்று கண்ணில் படும் சதவீதங்களை ஒருமுறை விளக்கிவிட வேண்டும். ஐந்து ஆண்டு பார்த்துச் சொல்லும் கணக்கு என்பதால் அது எப்போதும் பழைய நோயாளிகளின் கணக்குதான். வேறு வேறு வயது, வேறு வேறு உடல்நிலை, வேறு வேறு மருந்து எல்லாம் அதில் கலந்திருக்கும். ஐந்தாண்டு என்று போட்டிருப்பதால் ஐந்தே வருஷம்தான் என்று புரிந்துகொண்ட பிள்ளைகள் உண்டு.

அடுத்தது 'மருந்தில்லாமல் குணம்' வகைக் காணொலிகள். முள் சீத்தா, மஞ்சள், சமையல் சோடா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தன் மனைவியின் நான்காம் நிலைப் புற்றுநோய் வேப்பிலை, மஞ்சள் போன்ற உணவு முறையால் தீர்ந்தது என்ற பொருளில் பேசியது நாடெங்கும் பரவியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, அதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அறிக்கை விட்டார்கள். அந்த அம்மையாருக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்திருந்தன. இந்தக் காணொலிகளின் இன்னொரு கெடுதலை யாரும் பேசுவதில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் இதைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் அம்மாவுக்கு அந்த இலையை வாங்கித் தரவில்லையே, தானாவது தேடிக் கொண்டுவந்திருக்கலாமே என்று குற்ற உணர்வில் மாட்டிக்கொள்கிறான். இப்படி ஒன்றை அவன் காட்டினால் "போடா, உளறாதே" என்று துரத்தாமல், அதை யார் போட்டது, எதை விற்கிறார்கள், மருத்துவமனை என்ன சொல்கிறது என்று அவனோடு சேர்ந்து பாருங்கள்.

இப்போது பிள்ளைகள் ஏஐ செயலியிடமும் கேட்கிறார்கள். ஒரு மருத்துவச் சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொள்ள அது உதவும், அதிலும் தவறு வரலாம். அம்மாவின் ஃபைலை அது பார்த்ததில்லை. ராத்திரி ஒரு மணிக்கு அழுகை வந்தால் எழுப்பக்கூடிய மனிதர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அது யார் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடும்ப வாட்ஸ்அப் குழு

என்னைக் கேட்டால், நம் வீடுகளில் உண்மையான இணைய உதவி இந்தக் குழுதான். பிள்ளைகளை அதிகம் காயப்படுத்துவதும் இதுதான். 'எப்படி இருக்காங்க', 'ஸ்டேஜ் என்ன', 'எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே வந்து ஆறு மாசத்துல...' என்று வந்து குவியும். அப்பாவால் எல்லாருக்கும் பதில் போட முடியாது.

இரண்டு குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, பணம் எல்லாம் நான்கைந்து பெரியவர்கள் மட்டும் இருக்கும் சின்னக் குழுவில். மற்ற உறவினர்களுக்கெல்லாம் ஒரு பெரிய குழு, அதில் அட்மின் மட்டுமே எழுதும்படி அமைத்துவிடலாம். பேச்சாளர் ஒருவரே இருக்கட்டும், சித்தப்பாவோ அத்தையோ, பதற்றப்படாத ஒருவர். "ரெண்டாவது கீமோ நல்லபடியா முடிஞ்சுது. நாளைக்கு வீட்டுக்கு வர்றாங்க. இந்த வாரம் யாரும் பார்க்க வர வேண்டாம். செவ்வாய், வியாழன் மதியச் சாப்பாடு யாராவது அனுப்பினா உதவியா இருக்கும்" என்ற அளவில் செய்தி போதும். என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டால் உறவுகள் கட்டாயம் செய்வார்கள். கேட்காவிட்டால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து அழுதுவிட்டுப் போவார்கள்.

அம்மாவின் படுக்கையருகே எடுத்த படங்களை யாரும் பகிரக் கூடாது. அம்மா கேட்டுக்கொண்டால் தவிர, மொட்டைத் தலைப் படமும் வேண்டாம்.

வீடியோ கால்

திருநெல்வேலிக் குடும்பம் சிகிச்சைக்காக அடையாறுக்கும், தர்மபுரிக் குடும்பம் வேலூருக்கும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறது. பிள்ளைகள் பாட்டி வீட்டில். அவர்களுக்கு அம்மா என்பது கைப்பேசித் திரைதான்.

தினமும் ஒரே நேரத்தில், சிறிது நேரம் போதும். வீட்டுப்பாடம் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டால், பேசி முடித்ததும் பிள்ளையை வேறொரு வேலையில் சேர்த்துவிடலாம். படுக்கும் நேரத்தில் வைத்தால் அழுதுகொண்டே தூங்கும். கீமோ நாளில் அம்மாவால் பேச முடியாது என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு ஒரு குரல் பதிவு வரட்டும். வழக்கமான நேரத்தில் அழைப்பு வராமல் போனால் பிள்ளை மோசமானதையே நினைக்கும். ஆகவே ஒத்திப்போட்டால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

என்ன பேசுவது? "நல்லாப் படி, தம்பிய அடிக்காதே, பாட்டி பேச்சக் கேளு" என்பதிலேயே அழைப்பு முடிந்துவிடுகிறது. அதைவிட, ஒரே பழைய கதையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். பிள்ளை வரைந்ததைக் கேமராவில் காட்டட்டும். பல்லாங்குழியில் எத்தனை முத்து சேர்ந்தது என்று கேளுங்கள். மொட்டை போட்ட தலையைத் திடீரென்று திரையில் காட்ட வேண்டாம். "முடி கொட்டிடுச்சு, துண்டு கட்டியிருக்கேன். பார்க்கிறியா, இன்னொரு நாள் பார்த்துக்கிறியா?" என்று முதலில் குரலில் கேளுங்கள். பாட்டி பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைப்பது கேமராவில் விழாத இடத்தில் நடக்கட்டும்.

ஆலோசகரிடம் பேசுவது

மத்திய அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். மனநோய் என்றால்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. "என் பையன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்பதற்காகவும் அழைக்கலாம். பிள்ளைக்குப் பாதுகாப்பே கேள்விக்குறியானால், அதாவது பார்த்துக்கொள்ள ஆளில்லை, அடி விழுகிறது, படிப்பை நிறுத்துகிறார்கள் என்றால் 1098. இலங்கையில் மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

சிகிச்சை நடக்கும் மருத்துவமனையையும் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளி, குடும்பத்தார் மனநலத்தைக் கவனிக்கவே ஒரு துறை இருக்கிறது. மற்றப் பெரிய மருத்துவமனைகளிலும் மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார். ஊர் திரும்பிய பிறகு போனில் பிள்ளையோடு பேச முடியுமா என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டு, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் பேசும்போது பெரிய சிக்கல் இடம். இரண்டு அறை வீட்டில் அம்மா படுத்திருக்கும் அறைக்கு அடுத்த சுவரில் உட்கார்ந்து, பிள்ளை எதைச் சொல்லும்? "நல்லா இருக்கேன் மேடம்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வைத்துவிடும். மொட்டை மாடி, பக்கத்து வீட்டு அக்காவின் அறை, நிறுத்தி வைத்த கார், எதுவானாலும் சரி, காதில் ஹெட்போன் போட்டுத் தனியாக இருக்கவிடுங்கள். மருத்துவர் இணையவழி சிறுவரைப் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. ஆலோசகரோடு பேசும்போது பெரியவர் அறிமுகம் செய்துவிட்டுச் சற்று விலகி நிற்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். என்ன பேசினாய் என்று பிறகு துருவாதீர்கள்.

எப்போது அழைப்பது? நிறுத்திய பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைப்பது, திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி, இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்காதது, சாப்பிடாதது. செத்துப்போகலாம் போல இருக்கிறது என்ற பேச்சு எழுந்தால் அந்த நிமிடமே அழையுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத ஒன்று உண்டு: மூத்த மகளின் 'பொறுப்பு'. காலையில் இட்லி ஊற்றி, தம்பிக்குச் சட்டை போட்டு, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். "என் பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா" என்று ஊரே மெச்சுகிறது. மெச்சுவதாலேயே அவளால் முடியவில்லை என்று சொல்ல முடிவதில்லை. குழுவில் சாப்பாடு அனுப்பச் சொன்னது இவளை மனதில் வைத்துத்தான்.

வெளியாட்கள்

ஆஸ்திரேலியாவில் 1985-இல் தொடங்கிய கேன்டீன் என்ற அமைப்பு, தாய் அல்லது தந்தைக்குப் புற்றுநோய் வந்த இளையோரையும் சேர்த்துக்கொண்டு இணையத்தில் ஒருவரோடொருவர் பேச வைக்கிறது. பிரிட்டனின் ரிப்ராப் தளம் இப்படிப்பட்ட பதின்வயதினருக்கென்றே நடப்பது. அமெரிக்காவின் கேசெம், 2000-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தொடங்கியது; கல்லூரி மாணவர்கள் இந்தப் பிள்ளைகளுக்கு இலவச முகாம் நடத்துகிறார்கள். வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நேரடியாகப் பயன்படுத்தலாம். இங்கே இருப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, தனக்கு நடப்பதே நடந்த இன்னொரு பிள்ளையோடு பேச வேண்டும் என்ற யோசனையை. ஆலோசகரிடம் கேட்டு அப்படி ஒரு குடும்பத்தோடு முதலில் பெரியவர்கள் பேசி, பிறகு பிள்ளைகளைப் பேசவிடுங்கள். ஐந்நூறு பேர் கொண்ட நோயாளிக் குழுவில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். அங்கே மரணச் செய்தியும் வரும், மருந்து விற்பவரும் வருவார், தனிச்செய்தியில் நைசாகப் பேச வருபவரும் இருப்பார்.

பணம் திரட்டும் தளங்களில் போட, அழும் பிள்ளையின் படம் இருந்தால் நல்லது என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அந்தப் படம் வகுப்புத் தோழர்களின் கைப்பேசிக்கும் போகும், வருஷங்கள் கழித்தும் தேடலில் வரும். பணம் திரட்டும் முன் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

வகுப்பாசிரியருக்கு மட்டும் தனியாகப் போன் செய்து சொல்லுங்கள், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

நோய் முற்றும்போது

சிகிச்சை கைகொடுக்காது என்று மருத்துவர் சொன்ன பிறகு, பிள்ளைக்கு அதைச் சொல்வதும் திரையில் நடக்கக் கூடாது. விடுதியில் படிக்கும் பிள்ளையானாலும் ஒருவர் நேரில் போய்ச் சொல்லி அழைத்து வர வேண்டும். "பாட்டிக்கு முடியல, வா" என்று பொய் சொல்லிப் பஸ்ஸில் ஏற்றி, தெருமுனையில் பந்தலையும் பறையையும் பார்த்துப் பிள்ளை தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

அதைவிட வேகமானது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். உயிர் பிரிந்த அரைமணியில் எந்த உறவினராவது படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' போட்டுவிடுவார். பிள்ளை பள்ளி வேனில் இருக்கும். ஆகவே பேச்சாளர் முன்கூட்டியே ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கட்டும்: "பிள்ளைகளிடம் நேரில் சொல்லும்வரை யாரும் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக் எதிலும் போட வேண்டாம். சொன்னதும் நானே இங்கே தெரிவிக்கிறேன்." இதை எழுதி வைப்பது அபசகுனம் என்று யாராவது சொல்வார்கள். இருந்தாலும் எழுதி வையுங்கள். துபாயில் இருக்கும் மாமாவுக்காக இறுதிச் சடங்கை நேரலையில் காட்டுவதானால், கேமரா பிள்ளையின் முகத்தில் நிற்கக் கூடாது.

அம்மாவின் சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அது வேறொருவருக்குப் போகும், பிள்ளையின் கைப்பேசியில் 'அம்மா' என்ற பெயருக்கு மேல் முன்பின் தெரியாத ஒருவரின் படம் வரும். குறைந்த ரீசார்ஜ் போட்டு ஓராண்டாவது எண்ணை வைத்திருங்கள். குரல் பதிவுகளையும் படங்களையும் உரையாடலோடு எக்ஸ்போர்ட் செய்து, ஒரு பென்டிரைவிலும் அப்பாவின் மின்னஞ்சலிலுமாக இரண்டு பிரதி வையுங்கள். அவை எங்கே இருக்கின்றன என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். கேட்பதா, எப்போது கேட்பது என்பது பிள்ளையின் விருப்பம். வருஷத் திதிக்கு வந்தவர்கள் முன்னால் அதைப் போட்டுக் காட்டாதீர்கள்.